காந்த சிகிச்சை 20 நிமிஷம்... பேசுறதுக்கு யார் இருக்காங்க?

"தலைக்கு ஷாக் வைப்பாங்களாமே?" டிஎம்எஸ் என்றதும் நம்ம ஊரில் வரும் முதல் கேள்வி இதுதான். பதில்: இல்லை. சினிமாவில் ஆளைக் கட்டிப்போட்டுக் காட்டுவது இசிடி. அதையும் மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் தடை போட்டுவிட்டது.

டிஎம்எஸ் வேறு விஷயம். நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றிக்கு மேலே இடது பக்கமாக ஒரு காந்தச் சுருளை வைப்பார்கள். டக் டக்கென்று சத்தம் வரும், தலையில் லேசாகத் தட்டுவது போல இருக்கும். மயக்க மருந்து கிடையாது. முடிந்ததும் எழுந்து வேலைக்குப் போகலாம். வலிப்பு வந்தவர்களும், தலைக்குள் உலோகக் கருவி வைத்திருப்பவர்களும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான இந்த முறைக்கு, மாத்திரையில் குணமாகாத டிப்ரஷனுக்காக 2008-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

இத்துடன் பேச்சு சிகிச்சையையும் சேர்த்தால்? டிப்ரஷனில் இருப்பவரிடம் 'யோசனையை மாத்திப் பாருங்க' என்றால், யோசிக்கவே தெம்பு இருக்காது. மூளையைக் கொஞ்சம் உசுப்பிவிட்டு அதே நேரத்தில் பேசினால், சொல்வது மனதில் பதியும் என்பதுதான் கணக்கு. 2018-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இரண்டையும் ஒன்றாகப் பெற்ற 196 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் நோய் அறிகுறிகளிலிருந்து மீண்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், ஒன்றை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடாத ஆய்வு அது. ஜெர்மனியில் 148 பேரிடம் ஒப்பிட்டே பார்த்தார்கள். அங்கே பயன்படுத்தியது டிடிசிஎஸ் என்ற மெல்லிய மின்னோட்ட முறை. பேச்சு சிகிச்சையோடு அதைச் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது.

ஆக, 'ரெண்டும் சேர்ந்தா டபுள் எஃபெக்ட்' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். ஆனாலும் பேச்சை விட்டுவிடக் கூடாது என்பதே நம் கருத்து. தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் காரணம் புரியும்.

டிஎம்எஸ் வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். இதற்காக ஒருவர் மதுரைக்குப் போக வேண்டியிருந்தால் ஒரு வழி சுமார் 140 கி.மீ. முப்பது தடவை போய்வந்தால் 8,400 கி.மீ. துறைமுகத்தில் ஷிப்ட் பார்ப்பவருக்கோ, ஷிப்பிங் ஆபீஸில் கப்பல் வரும் நேரத்துக்கு ஓடுபவருக்கோ அத்தனை லீவை யார் கொடுப்பார்கள்? உப்பளத்தில் தினக்கூலிக்கு நிற்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவ்வளவு சிரமப்பட்டு தினமும் வருகிறவரை, மெஷினில் 20 நிமிஷம் உட்கார வைத்துவிட்டு 'நாளைக்கு வாங்க' என்று அனுப்புவது எவ்வளவு பெரிய வீண்! டிப்ரஷனில் படுக்கையை விட்டு எழவே முடியாத ஆள், ஒரு மாதம் விடாமல் ஒரே இடத்துக்கு வருவது அபூர்வம். பேச அதைவிட நல்ல நேரம் எப்போது கிடைக்கும்?

சிகிச்சை எட்டாததாகவும் புரியாததாகவும் இருந்தால் குடும்பங்கள் வேறு இடம் தேடிப் போகும். இதே மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் தீயில் கருகினார்கள். தேசிய மனநல ஆய்வின்படி (2015-16), டிப்ரஷன் உள்ளவர்களில் சுமார் 85% பேருக்கு சிகிச்சையே கிடைக்கவில்லை. எனவே அரசு மருத்துவமனைகளுக்கு மெஷின் வாங்கும் முன், மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளர் பணியிடம் எதுவும் காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். மெஷின் வாங்குவதுதான் சுலபம். போட்டோவும் நன்றாக வரும்!

தனியாரில் பணம் கட்டப் போகிறீர்களா? கட்டுவதற்கு முன் கேளுங்கள்: பேசப்போவது யார், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா, தமிழில் பேசுவாரா, எத்தனை அமர்வு? இன்ஷூரன்ஸையும் பார்த்துவிடுங்கள். உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், 24 மணி நேர அட்மிஷன் கேட்கும் பாலிசியில் தினசரி வந்துபோகும் சிகிச்சைக்கு இழுபறி வரலாம். எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

இப்போதைக்கு யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால், 14416. மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.