14 கோல் அடித்த அணி மறுநாள் ஒரு கோல்கூட அடிக்காதது ஏன்?

கடந்த ஆண்டு நவம்பர் 29, சனிக்கிழமை. ஈப்போ அஸ்லான் ஷா அரங்கில் இந்திய ஹாக்கி அணி கனடாவை 14-3 என்ற கோல் கணக்கில் நசுக்கியது. மறுநாள் அதே திடலில் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண இறுதியாட்டம். எதிரணி பெல்ஜியம். முந்தைய நாள் 14 கோல்களைப் போட்ட இந்தியத் தாக்குதல், 60 நிமிடங்களில் ஒரு கோல்கூடப் போடவில்லை. பெல்ஜியம் 1-0 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டு சென்றது.

"கனடா பலவீனமான அணி, பெல்ஜியம் பலமான அணி, அவ்வளவுதானே?" என்று கேட்கலாம். அது உண்மைதான். ஆனால், அந்தப் பலம் எதில் இருக்கிறது? பெல்ஜியம் ஆடிய பெரிய இறுதியாட்டங்களைப் பாருங்கள். 2018இல் புவனேஸ்வரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நெதர்லாந்துடன் 0-0. தோக்கியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவுடன் 1-1. இரண்டிலும் ஷூட்-அவுட்டில் வென்று உலக வெற்றியாளராகவும் ஒலிம்பிக் வெற்றியாளராகவும் ஆனது. இப்போது ஈப்போவில் 1-0. இந்த மூன்று இறுதியாட்டங்களிலும் சேர்த்து அது விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு கோல்.

கம்பாரில் பட்டப்படிப்பு படிக்கும் நான் எங்கள் கல்லூரி அணியில் தற்காப்பில் ஆடுகிறேன். அதனாலோ என்னவோ, கோல் போட்டவரைவிடக் கோல் விழாமல் நின்றவர்களின் மேல்தான் என் கண் போகிறது. வேகமான தாக்குதலை எப்படி நிறுத்துவது என்ற கேள்வி நம் தேசிய அணிக்கும் மிக முக்கியமானது. அதை மாணவர்களாகிய நாமும் புரிந்துகொள்ள முடியும்.

வேகம் எங்கிருந்து வந்தது?

நம் அப்பா காலத்து ஹாக்கி இவ்வளவு வேகமாக இல்லை. விதிகள் மாறின, ஆட்டமும் மாறியது. 1990களின் இறுதியில் ஆஃப்சைட் விதி நீக்கப்பட்டது. தாக்குதல் ஆட்டக்காரர் எதிரணியின் கோல் அருகிலேயே காத்திருக்கலாம் என்றானது. ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றானதால், களைத்த காலுக்குப் பதில் புதுக் கால் வந்துகொண்டே இருக்கிறது. 2009இல் 'செல்ஃப்-பாஸ்' வந்தது. தவறு இழைக்கப்பட்ட ஆட்டக்காரர் பந்தைச் சகாவுக்கு அடிக்கத் தேவையில்லை. தட்டிவிட்டுத் தானே ஓடலாம். நடுவரின் விசில் ஒலித்து முடிவதற்குள் ஆட்டம் மறுபடியும் தொடங்கிவிடுகிறது. பின்னர் ஆட்டமும் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. குறுகிய பகுதி, இடையில் ஓய்வு. முழு வேகத்தில் ஓட வேறென்ன வேண்டும்?

இந்த வேகத்தை அதே வேகத்தால் நிறுத்த முடியாது. தாக்குபவர் எங்கே போகிறார் என்பது அவருக்குத் தெரியும். தடுப்பவருக்கு அது தெரியாது. இருவரும் ஒரே வேகத்தில் ஓடினால் தடுப்பவர் எப்போதும் ஓர் அடி பின்னால்தான் இருப்பார்.

தடுமாற வைப்பதே தந்திரம்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் அமெரிக்கக் காற்பந்தில் 'ஆப்ஷன்' என்றொரு தாக்குதல் முறை உண்டு. பந்தை வைத்திருக்கும் குவார்ட்டர்பேக்கிடம் மூன்று வழிகள் இருக்கும். நடுவே பாயும் சகாவிடம் பந்தைக் கொடுக்கலாம், தானே ஓடலாம், பக்கவாட்டில் ஓடிவரும் இன்னொருவருக்கு எறியலாம். எதிரணியின் ஒரு தற்காப்பாளரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவைத்து, அவர் எந்தப் பக்கம் அசைகிறார் என்று பார்த்து, மறுபக்கத்தைத் தேர்ந்தெடுப்பார். அந்தத் தற்காப்பாளர் எதைச் செய்தாலும் தவறாகிவிடும்.

2012இல் ஒரிகன் பல்கலைக்கழக அணி இத்தகைய ஆட்டத்தை மின்னல் வேகத்தில் ஆடி, ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக 40 புள்ளிகளுக்கு மேல் குவித்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணி அதை 14 புள்ளிகளோடு நிறுத்தி, கூடுதல் நேரத்தில் 17-14 என்று வென்றது.

ஆப்ஷன் தாக்குதலுக்கு எதிராக அங்குள்ள பயிற்றுநர்கள் சொல்லித்தரும் பாடம் எளிமையானது. நடுவே பாய்பவருக்கு ஒருவர், குவார்ட்டர்பேக்குக்கு ஒருவர், பக்கவாட்டில் வருபவருக்கு ஒருவர். பந்து யாரிடம் இருக்கிறது என்று தேடாதே, உனக்குக் கொடுத்த ஆளை விடாதே. மூன்று வழிகளுக்கும் முன்கூட்டியே ஆள் நின்றுவிட்டால் தாக்குபவரின் தந்திரம் பலிக்காது.

ஐந்து பேர், ஐந்து வேலை

இதே பாடத்தை ஹாக்கியில் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் பெனால்டி கார்னரைப் பாருங்கள். தற்காக்கும் அணியில் கோல் காவலர் உட்பட ஐந்து பேர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். தாக்கும் அணிக்கோ பல வழிகள். நேராக 'டிராக் ஃபிளிக்' செய்யலாம், பக்கத்தில் நிற்பவருக்கு நழுவ விடலாம், கோல் கம்பத்தருகே ஒருவரை நிறுத்தித் திசை திருப்பலாம்.

தடுக்கும் ஐவரும் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். முதலில் ஓடுபவர் ஃபிளிக் வரும் பாதையை அடைக்கிறார். இரண்டாமவர் பக்கத்தில் நழுவும் பந்தைக் கவனிக்கிறார். ஒருவர் கம்பத்தைக் காக்கிறார். ஒருவர் காவலர் மீது பட்டுத் திரும்பும் பந்துக்குக் காத்திருக்கிறார். எஞ்சிய இடம் காவலருடையது. முதலில் ஓடுபவர், "பந்து பக்கத்தில் போகும்போல் இருக்கிறதே" என்று நினைத்துப் பாதி வழியில் விலகினால், அவர் விட்டுப்போன பாதையில்தான் கோல் விழும். காவலர் அந்தப் பாதை அடைபட்டிருக்கும் என்று நம்பித்தானே தன் இடத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்?

இறுக்கமான தற்காப்பு என்று நாம் சொல்வதெல்லாம் இந்த நம்பிக்கைதான்.

தாமதப்படுத்து, ஓரங்கட்டு, தவறு செய்யாதே

பெனால்டி கார்னரில் எல்லாரும் நின்று, மூச்சு வாங்கித் தயாராகலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் அதற்கு நேரம் இருக்காது. அங்கே மூன்று பழக்கங்கள் தேவை.

முதலாவது, தாமதப்படுத்துவது. பந்தை இழந்ததும் அருகில் இருக்கும் தாக்குதல் ஆட்டக்காரரே முதல் தற்காப்பாளர். அவர் பந்தைப் பறிக்கா விட்டாலும் பரவாயில்லை. எதிரணி நேராக முன்னோக்கி அடிக்க முடியாதபடி குறுக்கே நின்றால் போதும். இரண்டு பேர் ஒரு தற்காப்பாளரை நோக்கி ஓடிவரும்போதும் இதே விதிதான். பாய்ந்து பறிக்க முயன்றால் ஒரே தட்டில் பந்து அடுத்தவரிடம் போய்விடும். மட்டையைத் தரையோடு தாழ்த்தி, பந்து கைமாறும் பாதையை மறைத்தபடி, மெல்லப் பின்வாங்க வேண்டும். அந்தச் சில வினாடிகளில் சகாக்கள் திரும்பி வந்துவிடுவார்கள்.

இரண்டாவது, ஓரங்கட்டுவது. திடலின் நடுவில் பந்து வைத்திருப்பவருக்கு இடது, வலது, நேர் என மூன்று பக்கமும் வழி உண்டு. பக்கவாட்டுக் கோட்டருகே தள்ளிவிட்டால் ஒரு பக்கம் தானாகவே மூடிக்கொள்கிறது. சம்பளம் வாங்காத தற்காப்பாளர் அந்தக் கோடு. ஹாக்கி மட்டையின் தட்டையான பக்கம் ஒன்றுதான் என்பதால், பந்தை அவருடைய இடப்புறம் கொண்டுபோக வைத்தால் மட்டையைத் திருப்பிப் பிடித்தே ஆட வேண்டியிருக்கும். அங்கேயும் அவருடைய வழிகள் குறையும்.

மூன்றாவது, தவறு செய்யாமல் இருப்பது. பச்சை அட்டை வாங்கினால் இரண்டு நிமிடம் பத்துப் பேரோடு ஆட வேண்டும். கோல் வட்டத்துக்குள் சிறு தவறும் பெனால்டி கார்னர், பெரிய தவறு பெனால்டி ஸ்ட்ரோக். அவசரப்படும் தற்காப்பாளர் எதிரணிக்கு இலவசமாகக் கோல் வாய்ப்பைக் கொடுக்கிறார்.

நம் அணியின் கணக்கு

இப்போது மலேசிய அணிக்கு வருவோம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக ஒரு கட்டத்தில் 5-2 என்று முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் 6-6 என்று முடிந்து, ஷூட்-அவுட்டில் தோற்றோம். அன்று தங்கம் வென்றிருந்தால் தோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரடி வாய்ப்பு. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவுக்கு எதிராக முதல் பாதியில் 3-1 என்று முன்னணி. மூன்றாம் பகுதி முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக், உடனே இன்னொரு கோல். ஒரே நிமிடத்தில் 3-3. முடிவு 4-3, தோல்வி. கடந்த நவம்பரில் ஈப்போவிலும் இந்தியாவிடம் அதே 4-3.

இந்த மூன்று ஆட்டங்களில் நாம் அடித்தவை 12 கோல்கள். கோல் அடிக்கத் தெரியாத அணி அல்ல இது. முன்னிலையைப் பூட்டி வைக்கத்தான் தெரியவில்லை. நம் ஆடவர் அணி கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 2000ஆம் ஆண்டு சிட்னியில். இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெரும்பாலோர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

முடியாத காரியமும் அல்ல. 2017 மே மாதம், இதே ஈப்போ திடலில், கோல் காவலர் எஸ். குமாரும் அவருக்கு முன்னால் நின்றவர்களும் இந்தியாவுக்கு ஒரு கோல்கூட விடவில்லை. மலேசியா 1-0 என்று வென்றது. இந்தியாவின் இறுதியாட்டக் கனவு அன்றோடு முடிந்தது. மறுபுறம், பெல்ஜியமும் சறுக்கியிருக்கிறது. 2023 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் 2-0 என்று முன்னணி பெற்றும், ஜெர்மனியுடன் 3-3 ஆகி, ஷூட்-அவுட்டில் கிண்ணத்தை இழந்தது. ஒழுங்கு தளர்ந்தால் யாருக்கும் இதுதான் கதி.

திடல் இல்லாமலும் கற்கலாம்

பள்ளி அணிகளில் நாம் அடிக்கடி காண்பது என்ன? கெட்டிக்காரரை முன்னால் விடுவோம். ஓட முடியாதவரைப் பின்னால் நிறுத்துவோம். பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி கோல் அடிப்பதற்கே போகும். தற்காப்பு என்பது மிச்சம் மீதி ஆட்களுக்கான இடம் என்ற எண்ணம் அங்கேயே விதைக்கப்படுகிறது.

பேராக் மாநிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுங்கை சிப்புட், கம்பார் வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் லயங்கள் காலியாகின. குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்கு நகர்ந்தன. மாலையானால் பிள்ளைகள் கூடும் தோட்டத் திடல் பலருக்கு இன்று இல்லை. செயற்கைப் புல் திடல் எல்லாப் பள்ளிகளுக்கும் எட்டும் தூரத்தில் இல்லை.

தற்காப்பின் அடிப்படையைக் கற்க அந்தத் திடலும் தேவையில்லை என்பதுதான் நல்ல செய்தி. ஒரு பூப்பந்துத் திடல் அளவுள்ள சிமெண்டுத் தரை போதும். நான்கு மூலைகளில் நான்கு செருப்பு. இருவர் தாக்க, ஒருவர் தடுக்கட்டும். பந்தைப் பறித்தால் மட்டும் வெற்றி என்று வைக்காதீர்கள். ஐந்து எண்ணும்வரை தாமதப்படுத்தினாலே தடுப்பவருக்கு ஒரு புள்ளி கொடுங்கள். பிறகு மூவருக்கு எதிராக இருவர். இரண்டு தற்காப்பாளர்களும் "நான் பந்து, நீ வலது" என்று வாய்விட்டுப் பேசியபடி ஆட வேண்டும். காற்பந்துக்கும் ஃபுட்சாலுக்கும் இதே பயிற்சி பொருந்தும்.

இவ்வாண்டு செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஹாக்கியில் தங்கம் வெல்லும் நாட்டுக்கு 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் கதவு திறக்கும். நம் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஓர் ஐந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாத நம் தற்காப்பாளர் ஒருவரை மட்டும் பாருங்கள். தன் ஆளை விடாமல், தன் இடத்தை விடாமல் அவர் நிற்கிறாரா என்று கவனியுங்கள். நாம் முன்னிலை பெற்றால் அது நிலைக்குமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.