குதிரை ஓய்ந்தது, பந்தயம் ஓயவில்லை

 

1980களின் தொடக்கத்தில் சென்னையில் பணியாற்றிய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. பந்தய நாட்களில் தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், கிண்டி நிலையத்தில் ஒரு பெருங்கூட்டம் இறங்கும். கையில் குதிரைகளின் பெயர் அச்சிட்ட சிறு புத்தகம், காதோரத்தில் செருகிய பென்சில், கண்களில் ஒரு தனிப் பளபளப்பு. மாலையில் அதே கூட்டம் திரும்பும். பென்சில் இருக்கும், பளபளப்பு இராது.

அப்போது நான் குடியிருந்த தெருவில் ஒரு தையற்காரர் இருந்தார். நல்ல மனிதர், தொழுகையைத் தவறவிடாதவர், வாக்கில் நாணயம் உடையவர். இருந்தும் அந்த ஒரு நோய் அவரைப் பற்றியிருந்தது. பந்தயத்திற்கு முந்தைய இரவு அவருடைய மனைவி வீட்டு வாடகைப் பணத்தை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். மறுநாள் மாலை வரை அந்தப் பானையை விட்டு அகலமாட்டார். பந்தயம் முடிந்த பின்னரே அவருக்கு மூச்சு வரும். அடுத்த பந்தயம் வரை அந்த வீட்டில் அமைதி நிலவும்.

அந்த அரிசிப் பானை நெடுநாளாய் என் நெஞ்சில் இருக்கிறது. அதன் பொருள் இப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்குகிறது.

கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது என்பர். இன்றுள்ள மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. ஆங்கிலேயத் துரைமார்களின் பொழுதுபோக்காகத் தோன்றியது, பின்னர் ஜமீன்தார்களின் கௌரவமாயிற்று. அதன்பின் ரிக்‌ஷாக்காரரின் அன்றாடக் கூலியையும் விழுங்கும் வாயாயிற்று. கலைஞர் கருணாநிதி தலைமையிலான அரசு 1974இல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. வழக்கு நீதிமன்றங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இறுதியில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, அதனைச் செலுத்துவோரின் திறமை ஆகியவற்றை ஆராய்ந்து கணிக்க இயலும். ஆதலின் இது வெறும் அதிர்ஷ்ட ஆட்டமன்று, திறன் சார்ந்தது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

சட்டத்தால் வீழாத பந்தயம் வேறு காரணங்களால் தேய்ந்தது. முதல் காரணம், நிலத்தின் மதிப்பு. கிண்டியில் ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலம் 1945ஆம் ஆண்டுக் குத்தகையின்படி கிளப்பிடம் இருந்தது. ஆண்டு வாடகை ஏறத்தாழ 614 ரூபாய்! மாநகரின் நடுவே, ஒரு சிற்றறையின் மாத வாடகைக்கும் குறைந்த தொகை. வாடகை உயர்வு குறித்த வழக்கு நீண்டது. 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என அரசு கேட்டது. 2024 ஜூனில் உதகையின் பந்தயத் திடலில் 52 ஏக்கரை அரசு மீட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டிக் குத்தகையையும் ரத்து செய்து வாயிலில் முத்திரை வைத்தது. இரண்டாவது காரணம், வரி. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பந்தயத்தின் மீது 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. மூன்றாவது காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதுவே எல்லாவற்றிலும் பெரியது.

நம் ஊரின் கதை மட்டுமன்று இது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் 1842 முதல் நடந்து வந்த குதிரைப் பந்தயம், 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசி ஓட்டத்தோடு முடிந்தது. அந்நிலம் வீடுகள் கட்டுவதற்காக அரசிடம் செல்கிறது.

இச்செய்திகளைக் கேட்டு, ‘ஒரு தீமை ஒழிந்தது, அல்ஹம்துலில்லாஹ்’ என்று நம்மில் பலர் மகிழ்ந்தோம். நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒழிந்தது எது என்று சற்றே நின்று சிந்திக்க வேண்டும்.

குதிரையிடம் ஒரு குற்றமும் இல்லை. திருமறையின் நூறாவது அத்தியாயம் விரைந்தோடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டே தொடங்குகிறது. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரை ஓட்டப் போட்டி நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஒரு தொலைவும், பெறாதவற்றுக்குக் குறைந்த தொலைவும் வகுத்தார்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்து கொண்டதாக புகாரி நூலில் காண்கிறோம். வலுக்குறைந்த விலங்கிற்கு அதன் வலுவுக்கேற்ற தொலைவை வகுத்த அந்த நீதியைக் கவனியுங்கள்.

தமிழ் முஸ்லிம்களுக்கும் குதிரைக்கும் உள்ள உறவும் பழமையானது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து காயலுக்குக் குதிரைகள் வந்திறங்கியதை எழுதி வைத்துள்ளார். பாண்டிய மன்னர் பெரும்பொருள் கொடுத்து அவற்றை வாங்கியதையும், பேணத் தெரியாமையால் பெரும்பாலானவை மாண்டதையும் அவர் குறிப்பிடுகிறார். ‘இராவுத்தர்’ என்னும் சொல்லே குதிரை வீரரைக் குறிப்பதன்றோ! ஆகவே நாம் வெறுப்பது குதிரையையும் அன்று, ஓட்டத்தையும் அன்று. அதன் முதுகில் மனிதன் ஏற்றி வைத்த பணயத்தையே வெறுக்கிறோம்.

‘திறன் இருந்தால் சூதாகாதே’ என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றம் பார்த்தது சட்டத்தின் கேள்வியை. வீட்டின் கேள்வி வேறு: ஒருவர் வெல்ல வேண்டுமாயின் எத்தனை பேர் தோற்க வேண்டும்? தோற்றவர் வீட்டில் அன்றிரவு என்ன நடக்கும்? திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் 90, 91ஆம் வசனங்கள் மதுவையும் சூதையும் ஒருங்கே விலக்குகின்றன. பகையையும் வெறுப்பையும் விதைத்து, இறை நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பதே அவற்றின் மூலம் ஷைத்தான் நாடுவது என்று அங்கே காரணமும் உரைக்கப்படுகிறது. திறன் உண்டா, இல்லையா என்பதன்று அங்கே பேச்சு; விளைவு என்ன என்பதே பேச்சு. வள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கி, அதில் கிட்டும் வெற்றியைத் தூண்டில் இரும்பை இரையென்று விழுங்கிய மீனின் நிலைக்கு ஒப்பிட்டார்.

பணயம் புகுந்த விளையாட்டு என்ன ஆகும் என்பதற்கு வீரர்களின் வாழ்வே சாட்சி. ஒரு குதிரை வெல்லும் என்று மட்டும் பணம் கட்டிய காலம் போய், அது தோற்கும் என்றும் கட்டலாம் என்ற முறை இணையத்தில் வந்தது. வெல்ல வைப்பது கடினம். தோற்க வைப்பது எளிது. பிரிட்டனில் ஆறு முறை முதன்மைக் குதிரையோட்டியாக விளங்கிய கீரன் ஃபாலன், குதிரைகளை வேண்டுமென்றே பின்தங்கச் செய்ததாக 2006இல் குற்றம் சாட்டப்பட்டார். 2007 டிசம்பரில் ஆதாரம் போதாமையால் வழக்கு சரிந்தது. அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். ஆயினும் இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனில் அவர் குதிரையேற அனுமதிக்கப்படவில்லை. பணயத்தின் நிழல் படிந்தால் குற்றமில்லாதவரின் பெயரும் கறுக்கிறது.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹான்சி குரோனியே 2000ஆம் ஆண்டில் விசாரணைக் குழுவின்முன் தரகர்களிடம் பணம் பெற்றதை ஒப்புக்கொண்டார். அவர் பெற்றவற்றுள் ஒன்று தோல் மேலங்கி! நாட்டின் மானத்திற்கு ஈடாக ஓர் அங்கி. அதே ஆண்டில் நம் முஹம்மத் அஸாருத்தீனுக்கு வாரியம் ஆயுட்காலத் தடை விதித்தது. அத்தடை செல்லாதென்று ஆந்திர உயர் நீதிமன்றம் கூறியது 2012இல். பன்னிரண்டு ஆண்டுகள்! ஒரு வீரரின் ஆடும் பருவம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இவை எல்லாவற்றினும் என் நெஞ்சை வருத்தியது 2010 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் திடலில் நடந்தது. பாகிஸ்தான் அணியின் முஹம்மத் ஆமிருக்கு அப்போது வயது 18. பணத்திற்காக, முன்கூட்டியே சொல்லி வைத்த பந்துகளை, கோட்டைத் தாண்டிக் கால் வைத்து ‘நோ பால்’ ஆக வீசினார். ஆட்டத்தை அவர் தோற்கச் சொல்லவில்லை. சில அங்குலம் காலை முன்னே வைக்கச் சொன்னார்கள், அவ்வளவே. 2011 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் தண்டனை வழங்கியது: தரகர் மஸ்ஹர் மஜீதுக்கு 32 மாதம், அணித்தலைவர் சல்மான் பட்டுக்கு 30 மாதம், முஹம்மத் ஆசிஃபுக்கு ஓராண்டு, ஆமிருக்கு 6 மாதம். ஆமிரின் இளமையும் அனுபவமின்மையும் அவருடைய தண்டனையைக் குறைத்தன. வழிகாட்ட வேண்டிய தலைவருக்கோ அவரினும் ஐந்து மடங்கு தண்டனை. பிள்ளை இடறும்போது பெரியவர்களின் பொறுப்பு எத்தனை மடங்கு என்பதற்கு இந்தக் கணக்கு ஒரு பாடம்.

இனி, நான் பிறகு சொல்வதாகக் கூறிய மூன்றாவது காரணத்திற்கு வருகிறேன். பந்தயத் திடல் தேய்ந்ததற்குப் பெருங்காரணம், மக்கள் திருந்தியதன்று. பந்தயம் கைப்பேசிக்குள் குடிபுகுந்ததே. திடலுக்கு ஒரு வாயில் இருந்தது. போக ரயில் ஏற வேண்டும். பந்தயத்திற்கென நாட்கள் இருந்தன. மாலையானால் அது முடிந்துவிடும். கைப்பேசிக்கு வாயிலும் இல்லை, மாலையும் இல்லை. தமிழகத்தின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைத் தொடர்ந்து, 2025இல் வந்த விதிகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாதென்றன. நம் பிள்ளைகள் எந்நேரத்தில் ஆடினார்கள் என்பதை அந்த விதியே சொல்லிவிடுகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. வரவேற்கிறோம். ஆனால் 1974இலும் ஒரு சட்டம் வந்தது என்பதை மறந்துவிடலாகாது.

அண்மையில் என் உறவினர் ஒருவரின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். இருபத்திரண்டு வயது மகன், அமைதியானவன். தங்கையின் நிக்காஹுக்கென வாப்பா அவன் கணக்கில் போட்டு வைத்திருந்த பணம் முழுவதும் கைப்பேசி ஆட்டத்தில் போயிற்று. அதனை மீட்க வாங்கிய கடனும் போயிற்று. கடன்காரர் தொலைபேசியில் அழைத்தபோதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. வாப்பா சினத்தில், “இவனை வெளியே அனுப்பிவிடுகிறேன்” என்றார். மூலையில் தஸ்பீஹ் உருட்டிக் கொண்டிருந்த அவருடைய உம்மா தலை நிமிர்ந்தார். “வெளியே அனுப்பினால் எங்கே போவான் வாப்பா? அவனைத் தின்ற பிசாசும் வெளியேதானே இருக்குது?” என்றார்.

அந்த மூதாட்டியின் கேள்விக்கு அங்கே எவரிடமும் பதில் இல்லை. அவன் வீட்டிலேயே இருந்தான். வங்கிக் கணக்கைத் தாயின் பெயரோடு இணைத்தார்கள். கடனைக் கணக்கெழுதி, மாதந்தோறும் அவன் சம்பளத்திலிருந்தே அடைக்கச் செய்தார்கள். நிக்காஹ் ஓராண்டு தள்ளிப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையையே சொன்னார்கள், அவர்களும் பொறுத்தார்கள். முழுவதும் மீண்டுவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். மீண்டு கொண்டிருக்கிறான்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை இரவில் உறங்காமல் இருந்தால், சிறு சிறு தொகையாக அடிக்கடி கடன் கேட்டால், கைப்பேசியை உங்களுக்கு முன் கவிழ்த்து வைத்தால், சினத்தோடன்றி அன்போடு கேளுங்கள். ‘சொன்னால் அடி விழும்’ என்ற அச்சமே அவனை இரண்டாவது கடனுக்குத் துரத்துகிறது. பெரியவர்களே! ஆட்டத்தைப் பார்க்கும்போது “நூறு ரூபாய் பெட்” என்று விளையாட்டாகவும் சொல்லாதீர்கள். பிள்ளையின் காதில் விழும் முதல் அழைப்பு அதுவாக இருந்துவிட வேண்டாம்.

அந்தத் தையற்காரரின் மனைவி பந்தய நாளில் மட்டும் அரிசிப் பானையைக் காத்தார். இன்றைய தாய்க்கு ஏழு நாளும் காவல். ஒருவர் தனியே காக்க இயலாத காவல் இது. வாப்பாவும் உம்மாவும், உடன்பிறந்தோரும், பள்ளிவாசலின் பெரியவர்களும் கூடிக் காக்க வேண்டியது.

கிண்டியின் வாயிலில் முத்திரை வைக்க அரசால் முடிந்தது. நம் வீட்டின் வாயிலை நாம்தான் காக்க வேண்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளையும் அவர்தம் உழைப்பையும் காத்தருள்வானாக! ஆமீன்.