பிரெஞ்சு விடுப்பும் காக்காய் பிடித்தலும்

காரைக்காலில் நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சு நாடு தொலைதூர நாடன்று. சிற்றப்பா அங்கே இருப்பார். அத்தை மகள் அங்கே வாழ்க்கைப்பட்டிருப்பாள். இத்தகைய வீடொன்றிலிருந்து மும்பைக்குப் பணிக்குச் சென்ற மகனைப் பற்றி, உடன் தங்கியிருக்கும் நண்பன் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவதாகக் கொள்வோம்: 'அவன் பிரெஞ்சு லீவ் எடுத்துவிட்டான்.' தாயின் முகம் மலர்கிறது. மகனுக்குப் பிரான்சு செல்ல விடுமுறை கிடைத்துவிட்டதாம்! ஆனால் அவ்வரியின் பொருள் வேறு. எவரிடமும் சொல்லாமல் பணியிலிருந்து நழுவிவிட்டான், நம் வழக்கில் கம்பி நீட்டிவிட்டான் என்பதே அது. மகிழ்வதற்குரிய செய்தியன்று, மகனைத் தேடவேண்டிய செய்தி.

'பூனையும் நாயுமாக மழை பெய்கிறது' என்ற ஆங்கில மரபுத்தொடரைக் கண்டால் சிறுவனும் திகைத்து நின்று பொருள் கேட்பான். அதனால் தீங்கில்லை. நேர்ப்பொருளும் பொருந்துவதுபோல் தோன்றும் தொடரே நம்மை ஏமாற்றுகிறது.

விருந்தளித்தவரிடம் விடைபெறாமலே செல்வது பிரெஞ்சுக்காரர் வழக்கம் என்று ஆங்கிலேயர் செய்த ஏளனத்தில் 'பிரெஞ்சு லீவ்' பிறந்தது என்பர். இது 18-ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்த தொடர். பிரெஞ்சுக்காரர் மட்டும் சும்மா இருப்பரோ? அதே செயலை அவர்கள் 'ஃபிலே ஆ லாங்கிளேஸ்', அதாவது ஆங்கிலேய முறையில் நழுவுதல் என்கின்றனர்! அந்த நூற்றாண்டில்தான் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்காலை 1760-இல் ஆங்கிலேயர் பிடித்தனர். பீரங்கி ஓய்ந்தபின்னும் சொற்போர் ஓயவில்லை போலும். தகாத சொல்லைச் சொல்லிவிட்டு 'எக்ஸ்கியூஸ் மை பிரெஞ்சு' என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. பிரெஞ்சு பயின்ற முதியோர் முன் இதனைச் சொல்லாதிருத்தல் நலம்.

இனி, 'கர்ரி ஃபேவர்' என்ற தொடர். நம் 'கறி' ஆங்கிலத்திற்குச் சென்று 'கர்ரி' ஆயிற்று என்பதை அறிந்த மாணவன், விருந்து சமைத்துத் தயவு பெறுதல் என்று பொருள் எழுதிவிடுவான். அவனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கருத்து ஏறக்குறைய சரியாகவும் இருக்கிறதன்றோ! ஆயினும் இந்தக் 'கர்ரி' பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. குதிரையின் உடலைத் தேய்த்துத் துலக்குதல் என்று பொருள்படும். 14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காவியம் ஒன்றில் ஃபோவெல் என்னும் தீய குதிரை வருகிறது. பெரியோரும் சிறியோரும் போட்டியிட்டு அதனைத் தேய்த்துவிட்டுத் தயவு தேடுகின்றனர். ஃபோவெல் என்ற பெயர் ஆங்கிலேயர் நாவில் திரிந்து, தயவைக் குறிக்கும் 'ஃபேவர்' ஆயிற்று. எனவே, தன்னலத்துக்காக முகத்துதி செய்தல் என்பதே இதன் பொருள்.

நாம் இதனைக் 'காக்காய் பிடித்தல்' என்கிறோம். அதுவும் காலும் கையும் பிடித்தல் என்பதன் திரிபென்று கூறுவாருண்டு. அங்கே குதிரை மறைந்தது. இங்கே காகம் வந்து சேர்ந்தது!

நல்ல ஆங்கில அகராதியில் 'கர்ரி' இருமுறை தனித்தனியே தரப்பட்டிருக்கும். முதலில் உள்ளது உணவென்று கண்டதும் நூலை மூடிவிடாமல், பிள்ளைகள் அடுத்ததையும் படிக்கட்டும். 'பிரெஞ்சு லீவ்' வேண்டுமெனில் 'லீவ்' என்பதன் கீழ் மட்டுமன்றி, 'பிரெஞ்சு' என்பதன் கீழும் தேடவேண்டும்.