தச்சாசிரியரின் துக்கம்

துக்கத்தைச் சொல்லும் படமென்றால் கண்ணீர் வரவேண்டும்; குற்றத்தைச் சொல்லும் படமென்றால் முடிவில் யாராவது தண்டிக்கப்பட வேண்டும். நம்மில் நல்ல சினிமா பற்றி எழுதுபவர்கள்கூட இந்த அளவுகோலை இன்னும் கைவிட்டதாகத் தெரியவில்லை. அதனாற்றான் பெல்ஜியத்தின் டார்டென் சகோதரர்கள் 2002இல் எடுத்த 'மகன்' என்ற படம் நமது பேச்சில் வருவதேயில்லை. வந்தாலும், "அதில் ஒன்றும் நடக்கவில்லையே" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது.

இதற்கு நம்மை மாத்திரம் குறைசொல்ல முடியாது. இச்சகோதரர்களின் 'ரொசெட்டா' 1999இலும் 'குழந்தை' 2005இலும் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றன. இரண்டுக்கும் இடையில் வந்த 'மகன்' பெற்றது சிறந்த நடிகருக்கான விருதை மட்டுமே. ஒலிவியே குர்மே அதற்கு முற்றிலும் தகுதியானவர்தான். ஆனால் அன்றிலிருந்து அது ஒரு நடிகரின் படம் என்றே சொல்லப்பட்டு வருகிறது. எனது கட்சி வேறு. மூன்றிலும் மிகக் காத்திரமானது இதுதான்.

கதை எளிமையானது. தொழிற்பயிற்சி நிலையமொன்றில் தச்சு வேலை கற்பிக்கும் ஆசிரியர் ஒலிவியே. அவரது சின்னஞ்சிறு மகன் ஐந்து வருடங்களுக்கு முன் கொல்லப்பட்டவன். கொன்றவன் அப்போது பதினொரு வயதுப் பையன். காரிலிருந்த வானொலியைத் திருடப் போன இடத்தில், உள்ளே இருந்த குழந்தை அவனைப் பிடித்த பிடியை விடாதபோது கழுத்தை நெரித்துவிட்டான். தண்டனை முடிந்து, பதினாறு வயதில், தொழில் பழக அதே நிலையத்துக்கு வருகிறான் அந்த பிரான்சிஸ். தன் ஆசிரியர் யாரென்பது அவனுக்குத் தெரியாது. ஆசிரியருக்கோ எல்லாம் தெரியும். இடமில்லை என்று முதலில் மறுத்துவிடும் அவர், பிறகு தானாகவே அவனைத் தன் பட்டறைக்கு எடுத்துக்கொள்கிறார்.

இங்கே துக்கம் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒலிவியேயின் பிடரியில் இருக்கிறது. கமரா அந்த மனிதரின் பின்னாலேயே, மூச்சுப் படும் தூரத்தில் அலைகிறது. பின்னணி இசை என்று ஒன்றில்லை. வாள் அறுக்கும் ஓசையும் பலகை விழும் ஓசையும்தான். இடுப்பில் தோல்பட்டியை இறுக்கிக் கட்டிய அந்த மனிதர் அளக்கிறார், வெட்டுகிறார், பையன் பிடித்த பிடி பிழையென்றால் திருத்துகிறார். துக்கமுள்ளவன் வேலைக்குப் போவான் என்பதை நாம் வாழ்க்கையில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! அதையே திரையில் காட்டினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறோம்.

இன்னொரு சாரார் இதைப் பாராட்டிக்கொண்டே கெடுக்கிறார்கள். மன்னிப்பைப் போதிக்கும் படமாம். எங்கே போதிக்கிறது? பிரிந்துபோன மனைவி மகாலி, யாருமே செய்யாத இந்தக் காரியத்தை நீ ஏன் செய்கிறாய் என்று கேட்கும்போது, தெரியாது என்கிறார் அவர். அது நடிப்பல்ல, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. தாயின் கோபத்தைப் படம் ஓரிடத்திலும் கண்டிக்கவுமில்லை. மன்னிப்பு என்ற பெரிய சொல்லைப் போட்டு மூடினால், அந்தத் தெரியாமையின் பாரம் காணாமற் போய்விடும்.

குற்றவுணர்வு பற்றிய இடத்தையும் பாருங்கள். மரக்கிடங்குக்குப் போகும் வழியில், செய்ததற்கு வருந்துகிறாயா என்று ஆசிரியர் கேட்கிறார். வருந்துகிறான்தான், ஆனால் அடைபட்டுக் கிடந்த ஐந்து வருடங்களுக்காக. இறந்த குழந்தை அந்த வருத்தத்துக்குள் இன்னும் வரவில்லை. சட்டம் தன் கணக்கை முடித்துவிட்டது. மனச்சாட்சியின் கணக்கு தொடங்கவேயில்லை. எந்தச் சிறையும் செய்யாத அந்த வேலையை யார் செய்வது? அவனோ, இவர் யாரென்று அறியாமலே, தனக்குப் பாதுகாவலராக இருக்கும்படி இவரிடமே கேட்டிருக்கிறான்.

இருபது வருடங்களுக்கு மேலாகக் கிராமத்துப் பாடசாலையில் படிப்பிப்பவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் பேசியே ஆகவேண்டும். பிள்ளை வருமுன் அவனைப் பற்றிய கதை வந்துவிடும். கள்ளன், அடிகாரன், இன்னாருடைய மகன். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பாடத்திட்டம் கற்பித்தார்கள், உளவியலும் கற்பித்தார்கள். ஏட்டில் படித்த பெயரையும் முன்னால் நிற்கும் முகத்தையும் வேறுபிரித்துப் பார்க்க ஒலிவியே படும் பாட்டை எந்த விரிவுரையும் எனக்குக் காட்டவில்லை. மரத்தைத் தோளில் ஏற்றி ஏணியில் ஏறக் கற்பிக்கும்போது அந்தப் பையன் அவருக்கு என்ன, கொலைகாரனா, மாணவனா? இரண்டுமே. படம் எதையும் அழித்துவிடவில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பவை நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்க்கும் பழிவாங்கற் படங்கள். அங்கே குழந்தை இறப்பது கதாநாயகன் ஆயுதம் தூக்குவதற்கான அனுமதிச் சீட்டு. பத்து நிமிடத்தில் குழந்தை மறக்கப்படுகிறது. மிச்சமெல்லாம் வெட்டும் குத்தும். துக்கத்துக்குச் செய்யக்கூடிய இதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா? 'மகன்' படத்திலும் ஒரு துரத்தல் உண்டு. உண்மையைச் சொன்னதும் பையன் ஓடுகிறான். ஒலிவியே அவனை விழுத்தி, கழுத்தில் கைவைக்கிறார். தன் பிள்ளை இறந்த அதே விதம். பிறகு கையை எடுக்கிறார். வசனமில்லை, இசையில்லை, கைதட்ட இடமில்லை.

சற்று நேரத்தில் பையன் தானாகத் திரும்பி வருகிறான். பலகைகளை ஏற்றிக் கட்டும் வேலையில் பேசாமல் கைகொடுக்கிறான். படம் அவ்விடத்திலேயே சட்டென்று அறுந்து நிற்கிறது. ஆரத்தழுவல் இல்லையே, கண்ணீர் இல்லையே என்று குறைபடுபவர்கள் குறைபடட்டும். கொன்றவனும் இழந்தவனும் ஒரே பலகையின் இரு முனைகளைப் பிடித்து நிற்பதைவிடப் பெரிதாக என்ன நடக்கவேண்டும் என்று அவர்கள்தான் எனக்கு விளக்கவேண்டும்.