ரெண்டு கிளட்ச்சும் ஒசூர் ரோடும்

பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெங்களூர்ல இருந்து சேலத்துக்குக் கிளம்பினோம். பின் சீட்டுல அப்பா, அம்மா, நடுவுல பொண்ணு. பொம்மசந்திராவுல இருந்து அத்திப்பள்ளி வரைக்கும் வண்டி ஓடலை, ஊர்ந்துச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு டேஷ்போர்டுல எச்சரிக்கை: கியர்பாக்ஸ் சூடாயிடுச்சு, ஓரமா நிறுத்துன்னு. சுத்தி லாரி, எந்த ஓரத்துல நிறுத்துறது? அப்பா கேட்டார், "ஏம்ப்பா, ரேஸ் வண்டி மாதிரின்னு சொன்னியே, நம்ம டவுன் பஸ்ஸே தேவலை போலிருக்கே?"

கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்லை. என் கோபம் அவங்க மேல இல்லை. "பெர்ஃபார்மன்ஸ் வண்டின்னா டூயல் கிளட்ச்தான், டார்க் கன்வெர்ட்டர் எல்லாம் பெருசுங்க ஓட்டுறது"ன்னு ஓதிக்கிட்டே இருக்கற கூட்டத்து மேல. நானும் அதே கூட்டத்துல இருந்தவன்தான், ஒத்துக்கறேன்.

டூயல் கிளட்ச்சுல ஒத்தைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், ரெட்டைப்படைக்கு இன்னொண்ணு. மூணுல போகும்போதே நாலு தயாரா நிக்கும். ஒண்ணு விட, மத்தது பிடிக்க, இழுவை அறுபடாம கியர் மாறிடும். அருமையான யோசனை. போர்ஷே 1980கள்லயே 962 ரேஸ் கார்ல போட்டுப் பார்த்தாங்க. 2003-ல கோல்ஃப் ஆர்32 மூலமா ரோட்டுக்கு வந்துச்சு.

ஆனா ஊரும்போது? கிளட்ச் முழுசாப் பிடிச்சா எஞ்சின் நின்னுடும். அதனால பாதி பிடிச்சு உரசிக்கிட்டே இருக்கணும். உரசினா சூடு. எண்ணெய்ல முங்கியிருக்கற ஈர கிளட்ச் ஓரளவு தாங்கும். உலர் கிளட்ச்சுக்குக் காத்துதான் கதி. நம்ம நாட்டுல விக்கற டூயல் கிளட்ச் வண்டிகள்ல பலது உலர் வகை. டார்க் கன்வெர்ட்டர்ல அந்த வழுக்கல் எண்ணெய்க்குள்ளயே நடக்குது, சூட்டைக் கூலர் வாங்கிக்குது. ஊரும்போது உரசித் தேய அங்கே தட்டு இல்லை. கிளம்பும்போது டார்க்கைப் பெருக்கியும் தருது.

"மிதிச்சா யோசிச்சுட்டுதான் போகும்"கறது நாலு கியர் காலத்துக் கதை. இப்ப வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்துல கன்வெர்ட்டரை லாக் பண்ணிடறாங்க. 2009-ல வந்த இசட்.எஃப். 8 ஸ்பீடுல கியர் மாத்த 5 பிடிமானங்க இருக்கு, எந்தக் கியர்லயும் ரெண்டுதான் திறந்திருக்கும், அதனால வீண் உரசல் கம்மி. பி.எம்.டபிள்யூ எம்5 2011-ல டூயல் கிளட்ச். 2017-ல வந்த அடுத்த எம்5-ல அதைத் தூக்கிட்டு இந்த 8 ஸ்பீடைப் போட்டாங்க. 0-100 நேரம் 4.4 நொடியில இருந்து 3.4 ஆச்சு. அதுல நாலு சக்கர இழுவைக்கும் பங்கு உண்டு. ஆனா கியர்பாக்ஸ் சோம்பேறியா இருந்தா இந்தக் கணக்கு வருமா? 2020-ல எம்3-யும் அதே வழிக்கு வந்துடுச்சு.

டிராக்குல சுத்தற அண்ணன்மாருங்க கோவிச்சுக்காதீங்க. அங்கே டூயல் கிளட்ச்தான் ராஜா, போர்ஷே சும்மா வச்சிருக்கலை. நாம டிராக்குக்கு வருஷத்துல எத்தனை நாள் போறோம்? ஒசூர் ரோட்டுக்கு எத்தனை நாள் போறோம்?

கடைசியில கிளட்ச் மாத்தினப்ப சர்வீஸ்ல சொன்னாங்க, "உங்க டிரைவிங் ஸ்டைல் சார்." முன்னாடி நிக்கற லாரியா என் டிரைவிங் ஸ்டைல்?

வாங்கப் போறவங்க டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலையில பண்ணாதீங்க, சாயங்காலம் ஆறு மணிக்குப் பண்ணுங்க. கிளட்ச் உலரா ஈரமா, தேஞ்சா வாரண்டி உண்டான்னு எழுத்துல கேளுங்க. ஏற்கனவே வாங்கினவங்க முன்னால இடம் விட்டு, மொத்தமா நகர்ந்து மொத்தமா நில்லுங்க. ஏத்தத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சு வண்டியைப் பிடிச்சு வைக்காதீங்க, பிரேக்கைப் பிடிங்க.

அப்பா அடுத்த பொங்கலுக்கு ரயில்ல வர்றேன்னுட்டார்.