அமானிதம் பேணாத திரைவடிவம்

பிறர் படைப்பைத் திரைக்குக் கொண்டுவருவோர்க்கு அஃது ஓர் அமானிதம். இந்நெறி ஜப்பானில் 2021ஆம் ஆண்டு பிறழ்ந்ததை நாம் கண்டிக்கிறோம்.

கையூ ஷிராய் எழுத, பொசூகா தெமிசு வரைந்த ‘தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்’ என்னும் மங்கா சித்திரக்கதை 2016 முதல் 2020 வரை 181 அத்தியாயங்களாக வெளிவந்தது. அநாதை இல்லம் என்ற பெயரில் அரக்கர்க்கு உணவாக வளர்க்கப்படும் சிறார் தப்பிச் செல்லும் கதை அது. 2019இல் வந்த அனிமேயின் முதற்பருவம் 37 அத்தியாயங்களை 12 பகுதிகளில் நிதானமாகச் சொல்லிப் புகழ் பெற்றது. எஞ்சிய 144 அத்தியாயங்களையோ, இரண்டாம் பருவம் 11 பகுதிகளுக்குள் அடக்க முனைந்தது!

விளைவு என்ன? அரக்கர் சிறாரை வேட்டையாடும் கோல்டி பாண்ட் பகுதி முழுதும் நீக்கப்பட்டது. தோழரை இழந்து மனங்கசந்தும், பின்னர் அச்சிறாரைத் தன் பிள்ளைகளாக ஏற்று, அவர்களுக்காக உயிர்நீத்த யூகோ என்னும் பாத்திரமே இல்லாதொழிந்தது. இறுதியில் பெரும் நிகழ்ச்சிகள் யாவும் உரையாடலற்ற சில படங்களாக ஓடி மறைந்தன.

காலம் போதவில்லை என்பர். போதாதெனில், மூன்றாம் பருவம் வரை நீட்டியிருக்கலாம், அன்றி, நிறுத்தியிருக்கலாம். கதையின் இதயத்தை அறுத்தெடுத்துவிட்டுச் சுருக்கம் என்பது நியாயமாகாது.

பெற்றோரே! வளர்ந்த நம் பிள்ளைகள் திரையில் கண்டதே கதையென எண்ணிவிட வேண்டா. மூலநூலை அவர்தம் கையில் கொடுங்கள்.