ஆண்ட பரம்பரை நமக்கு எதற்கு?

வானூர் வட்டாரத்தில் எந்த ஊருக்குள் வண்டியை விட்டாலும் முச்சந்தியில் ஒரு ராஜா நிற்கிறார். ஃபிளெக்ஸ் பேனரில், கையில் வாளோடு. கீழே வரிசையாகப் பையன்களின் படங்கள், நடுவில் ‘ஆண்ட பரம்பரை’ என்று கொட்டை எழுத்து. இது பழகிப்போன காட்சிதான். இப்போது நம் காலனித் தெருக்களிலும் அதே பேனர் முளைக்கிறது என்பதுதான் புதிது. “நாங்களும் ஆண்டவங்கதான்” என்று நம் தம்பிகள் கல்வெட்டு தேடிக் கிளம்பியிருக்கிறார்கள். இந்தப் பேச்சு அவர்களோடுதான்.

அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. அடிமை என்று சொன்னவன் முகத்துக்கு நேரே அரசன் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ‘யார் ஆண்டது?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்த உடனேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறோம்: ஆண்டவன் பேரனுக்குத்தான் மரியாதை, மற்றவனுக்கு இல்லை. முடியாட்சியின் மொத்தச் சாரமும் இதுதான். பிறப்பு அதிகாரத்தைத் தீர்மானிக்கும். சாதியும் இதே கணக்கில்தானே ஓடுகிறது?

ராஜாக்களுக்கு நம் மண்ணில் பஞ்சமே இல்லை. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலில் இருந்து ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடுகிறது சிறுபாணாற்றுப்படை. அதில் வரும் எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்பார்கள். நம் வானூர் வட்டத்துத் திருவக்கரைக் கோயிலைக் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவி. தேடினால் பெருமை கிடைக்கும். கூடவே வேறொன்றும் கிடைக்கும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களின் பட்டியலில், வரிக்கணக்கில் சேராத நிலங்களைப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அதில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றெல்லாம் வருகிறது. தீண்டாச்சேரி யாருடைய சேரி என்று ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். பறையருக்குத் தனிச் சுடுகாடு என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறதே, அதற்கு என்ன விளக்கம்? ஆயிரம் வருடம் கழித்து இன்றைக்கும் பிணத்தைத் தூக்கிக்கொண்டு பாதைக்காகத் தாசில்தாரிடம் மல்லுக்கு நிற்கிறோம். 2019 ஜூனில் திருப்பனந்தாளில் பா. ரஞ்சித் ராஜராஜன் காலத்து நில உரிமை பற்றிப் பேசியதற்கு வழக்கே போட்டார்கள். செத்துப்போன ராஜாவுக்கு இத்தனை பாதுகாப்பு!

“சோழர் காலத்திலேயே தேர்தல் இருந்ததே, உத்திரமேரூர் குடவோலை?” என்று ஒருவர் கேட்பார். எப்போதும் கேட்பார். பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். வாரியத்துக்கு நிற்க இறை கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிரம்மதேய ஊர். அந்தக் குடத்தில் நம் ஓலை விழ வழியே இல்லை.

சரி, நல்ல ராஜாக்களே இல்லையா? இருந்தார்கள். கோல்ஹாப்பூரின் ஷாகு மகாராஜா 1902இலேயே பிற்படுத்தப்பட்டோருக்கு வேலைகளில் 50 சதவீதம் ஒதுக்கினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் 1913இல் உதவித்தொகை கொடுத்து அண்ணல் அம்பேத்கரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். நன்றி மறக்கவில்லை. ஆனால் அந்தக் கதையின் இரண்டாம் பாகத்தை நம் மேடைகளில் யாரும் அதிகம் சொல்வதில்லை. ஒப்பந்தப்படி வேலை பார்க்க 1917இல் அண்ணல் பரோடா திரும்பினார். நாடே மன்னருடையது, மன்னரோ அவர் பக்கம். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைக் கொடுத்துத் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு ஒரு கும்பல் படியேறி வந்தது. அன்றே விடுதியை விட்டு வெளியேறி, பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

மன்னரின் கருணை அமெரிக்கா வரை போனது, பரோடாவின் ஒரு தெருவுக்குள் போகவில்லை. கருணை பொய்த்தால் யாரிடம் போய் முறையிடுவது? மறுபடியும் மன்னரிடம்தான், கைகட்டித்தான். 1936இல் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அதற்கு முன்னால் அய்யன்காளியின் வில்லுவண்டி ஓடியிருக்கிறது, வைக்கம் நடந்திருக்கிறது, ‘இந்துவாகச் சாகமாட்டேன்’ என்று 1935இல் இயோலாவில் அண்ணல் அறிவித்திருக்கிறார். மக்கள் பிடுங்கியதை மன்னர் கொடுத்ததாக எழுதிவைக்கிறார்கள்.

1950 ஜனவரி 26 இந்தக் கணக்கை மாற்றியது. பிரிவு 17 யாரும் போட்ட பிச்சை அல்ல, சட்டம். பிரிவு 18 பட்டங்களை ஒழித்தது. 1971இல் 26ஆவது திருத்தம் மன்னர்களின் மானியத்தையும் நிறுத்தியது. தாள் அளவில் இந்த நாட்டில் யாரும் ஆண்ட பரம்பரை கிடையாது.

தாளுக்கு வெளியே நிலைமை வேறு என்பதும் நமக்குத் தெரியும். நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நம்மை விடமாட்டோம் என்றார்கள். குடியரசின் அதிகாரிகள் 2023 ஜூனில் செய்தது கோயிலுக்குச் சீல் வைத்தது. உரிமையை மறுத்தவனையும் கேட்டவனையும் ஒரே தட்டில் வைத்து ‘அமைதி’ காத்தார்கள். பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில், தெற்குத்திட்டையில், ஊராட்சி மன்றத் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படத்தை 2020இல் நாடே பார்த்தது. வானூர், திண்டிவனம் இரண்டுமே தனித் தொகுதிகள்தான். ஆனால் 1932 பூனா ஒப்பந்தம் விட்டுச்சென்ற கூட்டுத் தொகுதி முறையில், நம் ஆள் ஜெயிக்க ஊர்த்தெருவின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு என்ன விலை கேட்கப்படுகிறது என்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் பார்க்கிறோம். சமத்துவமில்லாத சமூகத்தின் மேல் வாக்குரிமையை மட்டும் வைத்தால் அமைப்பே வெடிக்கும் என்று 1949 நவம்பர் 25 அன்று அண்ணல் எச்சரித்தது இதைத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் நாம் குடியரசின் பக்கம்தான். இங்கே தோற்றால் கையில் ஒரு சட்டப் பிரிவு மிச்சமிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் கேள்வி கேட்க 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ராஜாவின் காலத்தில் அதற்குப் பெயர் ராஜதுரோகம்.

ஆபத்து, குடியரசே ராஜா வேஷம் கட்டும்போது வருகிறது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் சபாநாயகர் இருக்கைக்குப் பக்கத்தில் செங்கோலை நட்டார்கள். அது டெல்லி. இங்கே மரக்காணம் உப்பளத்தில், மழை மாதங்களில் பாத்தி மூழ்கி வேலை நின்றதும் அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அதை ‘வழங்கினார்’ என்றே எழுதுகிறார்கள், நாமும் ‘கொடுத்தார்’ என்றே சொல்கிறோம். கொடுத்தது யார் வீட்டுப் பணம்? உப்பு வாரி வாரி உள்ளங்கால் வெடித்துப்போன அக்காவும் கடையில் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறார். பெயர் விடுபட்டால் அதிகாரி முன் கும்பிடு போட்டு நிற்கிறாரே, அந்தக் கும்பிடுதான் இன்னும் ஒழியாத முடியாட்சி.

ஆகவே தம்பிகளே, பேனர் காசை மிச்சம் பிடியுங்கள். அடுத்த கிராமசபைக்கு வாருங்கள். வேதம் வேண்டாம், கால் வேலி நிலமும் வேண்டாம், ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஊர்த்தெருவில் கூட்டம் வைத்தால் நம் பெண்களையும் அழைத்துக்கொண்டு சேர்ந்தே போவோம். முன்வரிசை நாற்காலியில் உட்காருங்கள். உப்பளத் தொழிலாளர்களில் நிவாரணம் யார் யாருக்கு விடுபட்டது, சுடுகாட்டுப் பாதை எந்த சர்வே எண்ணில் நிற்கிறது என்று கேளுங்கள். பதில் வரும் வரை தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.